ஓடிப் போனவருக்கு

ரங்கூன்
12-2-1939

என் அன்பு நாகவல்லிக்கு,

உன் மாமன் துலுக்கானம் எழுதுகிறேன். கடல் என்னை விழுங்கவில்லை, நான்தான் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு ரங்கூன் வந்து சேர்ந்தேன். கப்பலில் சோறு என்ற பேச்சைக் கேட்டாலே குமட்டியது. என்னைக் கூட்டிவந்த தேவராஜ் அண்ணன் மட்டும் மூன்று வேளையும் தன் பங்கைச் சாப்பிட்டு என் பங்கையும் சாப்பிட்டார். “வீணாப் பூடும் நைனா, அதான்” என்றார். நம் வேலப்பன்சாவடிக்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

கலியாணமான வருஷம் நீ சுவரில் கரித்துண்டால் எழுதிக் கற்றுக்கொடுத்த எழுத்துதான் இது. ள-வும் ழ-வும் இடம் மாறியிருந்தால் அடுப்பங்கரைச் சுவரைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் முதல் பந்தயம் ஓடினேன். பெரிய மைதானம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். நம் ஏரியைச் சுற்றுவதுபோல அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும், வெயில் சாயும்வரை. ஒரு கூர்க்கா, இரண்டு பர்மாக்காரர்கள், ஒரு சீனன், ஒரு பஞ்சாபி. எல்லாரும் காலில் சப்பாத்து போட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள், கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். ஆனால் ஓட ஆரம்பித்ததும் ஒரு வம்பு வந்தது. பூந்தமல்லியிலிருந்து மல்லிகைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மொட்டு விரிவதற்குள் பட்டணத்துப் பூக்கடைக்கு ஓடி ஓடிப் பழகியவன் அல்லவா நான். தலையில் கூடை இல்லை, ஆனால் வலது கை தானாக மேலே போய்விட்டது. இறக்கினால் மறுபடியும் ஏறுகிறது. சனமெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இல்லாத கூடையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

கடைசிச் சுற்றில் நான்தான் முன்னால் வந்தேன், நாகு. எல்லைக்கு வந்தால், அங்கே குறுக்கே ஒரு நாடா கட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு துரைமார் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தேர் வீதிதான் கண்ணில் வந்தது. தேர் நாளில் வீதி முனையில் கயிறு கட்டி, நம் சனம் அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பார்களே, அந்தக் கயிறு. கால் நின்றுவிட்டது. கைகட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்த கூர்க்கா நாடாவை மார்பால் அறுத்துக்கொண்டு போனான். கோப்பை அவனுக்குப் போயிற்று.

தேவராஜ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அத்த அறுக்கறதுக்குத்தான்டா கட்டிக்கீறாங்கோ” என்றார். எனக்கு எப்படித் தெரியும், சொல்.

இதை அங்கம்மாவிடம் சொல்லிவிடாதே, ஏரிக்கு அந்தக் கரைவரை பரப்பிவிடுவாள். ஒப்பந்தம் இரண்டு வருஷம். வயிற்றில் இருப்பதையும் உன்னையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமன்
துலுக்கானம்

—

அயனம்பாக்கம்
20-3-1939

அன்புள்ள மாமாவுக்கு,

நாகவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது. வயிற்றில் இருப்பதும் சுகம், சுமப்பவளும் சுகம். நேரில் உங்களை நீ என்றுதான் கூப்பிடுகிறேன், காகிதத்தில் மட்டும் நீங்கள் என்று வருகிறது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா புருஷனுக்கு எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். நான்காம் வகுப்புவரை படித்ததற்கு இந்த மரியாதையாவது மிஞ்சட்டும்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு கஞ்சியை மூடி வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். உங்கள்மேல் கோபம் என்றால் அதுவும் இல்லை. நான் ஓடியிருந்தாலும் அங்கே நின்றுதான் இருப்பேன். அறுப்பதற்காகவே கட்டுகிற கயிறு உலகத்தில் உண்டு என்பது எனக்கும் இப்போதுதான் தெரிகிறது. இனிமேல் குறுக்கே கயிற்றைக் கண்டால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். “போ மாமா” என்று நான் பின்னாலிருந்து தள்ளுவதாக வைத்துக்கொண்டு மார்பைக் கொடுங்கள்.

அங்கம்மா பக்கத்துக் குடிசையில் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பாளா. போன வெள்ளிக்கிழமை களத்துமேட்டில் பத்துப் பெண்கள் நடுவில் கேட்டாள். “இன்னா நாகு, உம் புருசன் ஓடிப்பூட்டானாமே?” எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “ஆமாக்கா, ஓடத்தான் போய்க்கீறாரு. ஓடறதுதான் அவருக்கு வேலை” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு அழுகை வந்தது. புருஷன் எங்கே என்று கேட்டால் ஓடுகிறார் என்று சொல்ல வேண்டிய பெண்சாதி இந்தத் தாலூகாவில் நான் ஒருத்திதான்.

ஒன்று யோசித்தேன் மாமா. இத்தனை வருஷத்தில் நீங்கள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கருக்கலில் கூடையோடு கிளம்புவீர்கள், அப்போது உங்கள் முதுகைத்தான் பார்ப்பேன். திரும்பி வருகிற நேரத்தில் நான் நடவுக்குப் போயிருப்பேன். சீனனும் பஞ்சாபியும் பார்த்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் முடிந்து வந்ததும் எனக்கு ஒரு தடவை ஓடிக் காட்ட வேண்டும். நம் ஏரிக்கரைமேல் ஓடினால் போதும். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலங்கல் மேட்டில் நான் நின்று பார்ப்பேன். சேலை, வளையல் எதுவும் கேட்கவில்லை. இதை மட்டும் மறுக்காதீர்கள்.

உங்கள்
நாகவல்லி

—

மௌல்மீன்
5-9-1939

என் அன்பு நாகவல்லிக்கு,

பெண் பிறந்த சேதி பதினைந்து நாள் கழித்துக் கிடைத்தது. பொன்னியம்மா என்று பெயர் வைத்தது ரொம்பப் பொருத்தம். அன்று சாயங்காலம் ஒரு பந்தயம் இருந்தது. அதை நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது, உன் மகள்தான் ஓட்டினாள்.

நாடாவை அறுத்தேன், நாகு. நீ சொன்னதுபோல நீ தள்ளினதாகவே நினைத்துக்கொண்டேன். ஒரு நூலளவு கனம்கூட இல்லை அதற்கு. இத்தனை நாள் இதற்கா நின்றோம் என்று இருந்தது. அதன் துண்டு ஒன்று மார்பில் ஒட்டிக்கொண்டே வந்தது. மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இங்கே பந்தயம் ஓடுவது ஒரு தொழில். ஒவ்வொரு ஊராகக் கூடாரம் அடிக்கிறார்கள். ராட்டினம், குஸ்தி, மாயக் கண்ணாடி எல்லாம் உண்டு. அதில் ஒரு நாள் எங்கள் ஓட்டம். நான் ஓட, பக்கத்தில் தேவராஜ் அண்ணன் விசில் ஊதிக்கொண்டு சைக்கிளில் வருவார். பூந்தமல்லி ரோட்டில் சைக்கிளில் வந்து என்னைத் தாண்ட முடியாமல்தானே இந்தத் தொழிலுக்கே கூட்டிவந்தார். இன்றைக்கும் தாண்டவில்லை. தண்ணீர் கேட்டால் வாய் கொப்பளிக்க மட்டும் கொடுக்கிறார், விழுங்கினால் திட்டுகிறார். சப்பாத்து போடச் சொல்லி அவரும் சலித்துவிட்டார்.

ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் படம். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வரைந்து, கீழே ‘மெட்ராஸ் மெயில் துலுக்கானம்’ என்று போட்டிருக்கிறது. கையைத் தூக்காமல் ஓடினால் இப்போது சனம் ஏமாந்து போகிறது. ஒரு நோட்டீசும் நான் ஜெயித்த கோப்பையும் நம் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குழந்தை கையில் கிழிக்கக் கொடுத்துவிடாதே.

கலங்கல் மேட்டில் நீ நிற்கும் இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். வந்து ஓடுகிறேன்.

உன் மாமன்
துலுக்கானம்

—

அயனம்பாக்கம்
18-2-1940

அன்புள்ள மாமாவுக்கு,

கோப்பை வந்தது. நல்ல கனம். இரண்டு பக்கமும் காதுமாதிரி பிடி வைத்திருப்பதால் தூக்கச் சௌகரியம். கேழ்வரகு அளக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். முறைக்காதீர்கள். சும்மா வைத்தால் குளவி கூடு கட்டுகிறது, அதைவிட இது மேல். அங்கம்மா வந்து கவிழ்த்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, “இத்தினி தூரம் ஓடுனதுக்கு ஒரு சொம்பா குடுத்தாங்கோ?” என்றாள். நோட்டீசைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். படத்தில் உங்கள் முகம் நன்றாக இல்லை, மூக்கு வேறு யாருடையதோ. கை மட்டும் நீங்கள்தான்.

பொன்னி தவழ்கிறாள். தவழ்வதிலும் ஒரு வேகம். ஏரி இந்த வருஷம் நிறைந்து கலங்கல் பாய்ந்தது. நடவு முடிந்து கூலிக்கு வேலையில்லாத நாளில் பூக்கட்டப் போகிறேன். நீங்கள் போன பிறகு பூக்கூடைகள் லாரியில்தான் போகின்றன. லாரிக்காரன் சில நாள் தூங்கிவிடுகிறானாம், பாதிப் பூ மலர்ந்துதான் போய்ச் சேர்கிறதாம். பூத்தரகர் என்னிடம், “துலுக்கானம் எப்ப வர்றான்?” என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

இன்னும் ஒரு வருஷம். போனது ஒன்று, இருப்பது ஒன்று. சரிபாதி வந்துவிட்டீர்கள்.

உங்கள்
நாகவல்லி

—

மாண்டலே
9-3-1941

என் அன்பு நாகவல்லிக்கு,

இதை எழுத நான்கு நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கைநாட்டு, இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டதுதான் நெஞ்சை அறுக்கிறது.

காசுக்காக என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். உன்னிடம் பொய் எழுதக் கை வரவில்லை. நம் ஊரில் நான் கூடை தூக்கினவன். எதிரே மிராசுதார் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிட்டு, பிறகுதான் ஓட வேண்டும். இங்கே நான் கடைசிச் சுற்றுக்கு வரும்போது துரை, செட்டியார், பர்மாக்காரர் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அது ஒரு போதை, நாகு. கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன் இதில் விழுந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வருகிறேனே என்று மனசு கெஞ்சுகிறது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் மாமன்
துலுக்கானம்

—

அயனம்பாக்கம்
2-5-1941

மாமாவுக்கு,

சுகம். பொன்னி சுகம்.

எழுந்து நிற்கிற ஊர் உங்களுக்கு வேண்டியிருக்கிறது, சரி. நான் என்ன உட்கார்ந்துகொண்டா இருக்கிறேன்? கலங்கல் மேட்டில் இரண்டு வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறேன்?

வேறு எழுத ஒன்றுமில்லை. திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீங்கள் பொய் எழுதாமல் போனதால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

நாகவல்லி

—

ரங்கூன்
16-11-1941

என் அன்பு நாகவல்லிக்கு,

நீ எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுதான். அதிகம் படித்ததும் அதுதான். ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும் என்று தேவராஜ் அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கடிதத்தைக் காட்டச் சொன்னார். படித்துவிட்டு வெகுநேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நிக்கறவங்களைக் காக்க வெக்கப்படாது நைனா. டிசம்பர் கடைசி பெரிய பந்தயம் ஒண்ணு ஓடிக்குடு, நானே உன்னைக் கப்பலேத்தறேன்” என்றார். பெண்சாதியைப் பறிகொடுத்த மனுஷர். அவருக்கு நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பொங்கலுக்கு வந்துவிடுகிறேன். ஏரிக்கரையில் முள்ளு கிடந்தால் தள்ளி வை. வெறுங்காலோடுதான் ஓடுவேன்.

உன் மாமன்
துலுக்கானம்

—

அயனம்பாக்கம்
24-4-1942

அன்புள்ள மாமாவுக்கு,

இது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் எழுதுகிறேன். ரங்கூனுக்குத் தபால் கிடையாது என்று அம்பத்தூர்த் தபாலாபீசில் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது என்று கேட்டதிலிருந்து அனுப்பிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு திரும்பியே வந்துவிட்டன. பொங்கல் போயிற்று. ஏரிக்கரையில் முள்ளைத் தள்ளி வைத்தேன், மறுபடியும் முளைத்துவிட்டது.

பட்டணத்திலும் குண்டு விழப்போகிறது என்று சனம் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. அம்பத்தூர் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. மாடி வீட்டுக்காரர்களெல்லாம் மாட்டுக்கொட்டகைக்கு வாடகை கேட்கிறார்கள். யார் யாரோ நம் ஊருக்கு ஓடி வருகிறார்கள். வர வேண்டியவர் மட்டும் வரவில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் சிலரும் ரயிலில் இறங்குகிறார்கள் என்று சொன்னார்கள். தினமும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கிறேன். கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

அங்கம்மா இப்போது ஓடிப்பூட்டான் என்று சொல்வதில்லை. நேற்று ஒரு முறம் புட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் பழையபடி ஏசினால் தேவலை என்று இருக்கிறது.

பொன்னி கோப்பையைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலில் ஓடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நோட்டீசைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எங்கே ஓடுகிறாய் என்றால் “நைனா ஊட்டுக்கு” என்கிறாள்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன் மாமா. தபாலில் போகாவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள்
நாகவல்லி

—

கல்கத்தா
30-6-1942

நாகு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மற்றதைப் படி.

பெரிய பந்தயத்துக்கு முந்தின வாரம் குண்டு விழுந்தது. மைதானத்தில் பெரிய பள்ளம். கப்பலுக்குக் காத்துக் காத்துப் பார்த்தோம், நமக்கெல்லாம் இடமில்லை என்றார்கள். அப்புறம் நடை. வடக்கே மாண்டலே போய், காடு மலையெல்லாம் கடந்து, டாமு வழியாக இம்பால். ஆயிரக்கணக்கில் சனம். தமிழ், தெலுங்கு, வங்காளி என்று எல்லாரும். வழியில் விழுந்தவர்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

தேவராஜ் அண்ணன் மாண்டலேவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குமேல் பாதை இல்லை, அதை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு மணியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறுகிற இடத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. “நீ ஓடிப்பூடு நைனா. ஒனக்குக் கால் கீது. நாகு நின்னுகினு கீறா” என்றார். நான் ஓடினேன், நாகு. மறைக்காமல் சொல்கிறேன், ஒரு பகல் முழுக்க ஓடினேன். யாராலும் என்னைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தேன். விழுங்காதே என்று திட்ட ஆளில்லை. திரும்பி நடந்தேன்.

அவரை முதுகில் தூக்கிக்கொண்டேன். சில இடத்தில் தோளில். கனத்த மனுஷர், கப்பலில் தின்ற என் பங்கும் அதில் இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சும்மா மேலே போன கைக்கு வேலை வந்தது. அதற்கப்புறம் ஓட்டமில்லை. கிழவிகள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். அடிமேல் அடியாக வந்தோம்.

டாமுவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கம் துரைமார் போகிற வழி, லாரியும் நிற்கிறது. நம் சனமெல்லாம் இந்தப் பக்கம் குவிந்து நிற்கிறது. பழைய வழக்கம், கால் நின்றுவிட்டது. தோளில் இருந்தவர் அனத்தினார். “இன்னாடா பாத்துகினு கீறே” என்றார். அப்போது முதுகில் நீ கை வைத்துத் தள்ளினாய். சத்தியமாகச் சொல்கிறேன், தள்ளினாய். கயிற்றின்மேல் மார்பை வைத்து நடந்தேன். அது நாடா இல்லை, அறவில்லை. ஆனால் நானும் நிற்கவில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன், நம் வேலூர்ப் பக்கத்து ஆள், என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். எனக்குப் பின்னால் சனமும் வந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சோறு போதவில்லை என்று நர்சம்மாவோடு சண்டை போடுகிறார்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். அட்டை கடித்து, புண் புரையோடி, வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் அதற்கடுத்ததும். நடக்கிறேன், கோணல் நடை. ஓட முடியாது. டாக்டரிடம் இரண்டு தரம் கேட்டேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. வாங்கிக் கொடுக்கக்கூடியது இல்லை, நான் செய்து காட்ட வேண்டியது. மூன்று வருஷமாக உன்னை நிறுத்தி வைத்துவிட்டு, காட்ட ஒன்றும் இல்லாமல் எப்படி வந்து நிற்பேன்? இங்கே கிதிர்பூர்த் துறைமுகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். சேர்ந்துகொண்டு மாதாமாதம் அனுப்புகிறேன். அதுதான் நியாயம் என்று படுகிறது. பொன்னிக்கு அந்த நோட்டீசைக் காட்டு. அதில் இருக்கிறவன் நன்றாக ஓடுவான்.

துலுக்கானம்

—

அயனம்பாக்கம்
11-7-1942

மாமா,

இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ வராது. நேரில் பேசுகிறமாதிரிதான் எழுதப்போகிறேன். டீச்சரம்மா பார்த்தால் பிரம்பை எடுக்கட்டும்.

உன் கடிதம் வந்தபோது நான் சேற்றில் நின்றேன். அங்கம்மாதான் தபால்காரரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வரப்புமேல் ஓடி வந்தாள். அந்த வயதில் அந்த ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “கீறான்டி, எய்திக்கீறான்டி” என்று கத்திக்கொண்டே வந்து வாய்க்காலில் விழுந்தாள். படிக்கத் தெரியாதவள், கையெழுத்தை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். சேற்றுக் கையோடு படித்தேன். உயிரோடு இருக்கிறேன் என்ற வரியைப் படித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன் மாமா.

பிறகு மிச்சத்தைப் படித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு, நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு விரல் போயிருக்கும். உன் கால் விரலையா நான் கலியாணம் பண்ணிக்கொண்டேன்?

நான் எதற்காக ஓடிக் காட்டச் சொன்னேன் என்று உனக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் சரியாக எழுதவில்லைபோல. கருக்கலில் நீ கூடையோடு போவாய். கப்பலுக்குப் போனபோதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனாய். நீ போவதைத்தான் பார்த்திருக்கிறேன். நீ என்னைப் பார்த்து வருவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைத்தான் கேட்டேன். அதற்கு விரல் எதற்கு? ஓடி வந்தால் சீக்கிரம் வந்துவிடுவாய். கோணல் நடையாக வந்தால் நான் அதிக நேரம் பார்ப்பேன். எனக்கு எது லாபம் என்று நீயே சொல்.

கிதிர்பூரும் வேண்டாம், மாதாமாதம் எதுவும் வேண்டாம். தரகர் பூ எண்ணி வாங்க ஆள் தேடுகிறார், உட்கார்ந்து செய்கிற வேலை இங்கேயும் இருக்கிறது. தேவராஜ் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. வேலப்பன்சாவடியில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? கேழ்வரகுக் களி சாப்பிடுவாரா என்று கேட்டு வை. அளக்கக் கோப்பை இருக்கிறது.

அம்பத்தூரில் இறங்கி வண்டி பிடிக்காதே. ஸ்டேஷனிலிருந்து நடந்து, ஏரிக்கரைமேல் ஏறி வா. நான் பொன்னியைக் கூட்டிக்கொண்டு கலங்கல் மேட்டில் நிற்பேன். கரை திரும்புகிற இடத்திலிருந்து நம் குடிசைவரைக்கும் உன் முகம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. வாசலில் குறுக்கே ஒரு சரம் கட்டலாம் என்றுதான் பார்த்தேன். நம் வாசற்படி தாழ்வு, நீ எப்படியும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். அதனால் வெளியிலேயே வேப்பமரத்துக்கும் வேலிக்கம்புக்கும் நடுவில் கட்டப்போகிறேன். நானே தொடுத்த மல்லிகைச் சரம். நீ வருகிற நாளைத் தந்தி கொடு, மொட்டாகக் கட்டி வைக்கிறேன். அதற்கு முன்னால் வந்து கைகட்டிக்கொண்டு நின்றாயானால் ஊரைக் கூட்டி உதைப்பேன். குனிந்து அடியில் நுழையவும் கூடாது. மார்பால் அறுத்துக்கொண்டு வா. அறுக்கத்தான் கட்டுகிறேன்.

அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறாய் என்று நச்சரிக்கிறாள். படித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, “எய்து, நான் சொன்னேன்னு எய்து” என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஓடிப்பூட்டான்னு நாந்தான் ஊரெல்லாம் சொன்னேன். நடந்து வந்துட்டான்னும் நானே சொல்றேன். சீக்கிரமா வரச் சொல்லு.”

உன்
நாகவல்லி